குளவிக்கூட்டுச் சத்தம்தான் வருகுது, 86 மெற்றாலிக்கா ரோன் எப்பிடி எடுக்கிறது?

கொக்குவில் குட்டி (வெள்ளி இரவு)
எல்லாருக்கும் வணக்கம். மூண்டு மாதமா மண்டை காயுது, அதான் இஞ்ச எழுதுறன். மெற்றாலிக்கா எண்ட அமெரிக்க மெற்றல் பாண்டின்ர 1986 ஆல்பத்தில வாற ரிதம் கிற்றார் இருக்கெல்லோ, அந்த இறுக்கமான "ஜக் ஜக்", அந்த ரோன், அதாவது சத்தத்தின்ர குணம், அதுதான் வேணும். என்னட்ட இருக்கிறது ஒரு ஐபனீஸ் கிற்றார், பாலத்தடியில ஹம்பக்கர் (தந்தியின்ர அதிர்வைப் பிடிக்கிற ரெட்டைச் சுருள்), பிறகு பொஸ் எம்ரீ-2 மெற்றல் சோன் பெடல், பிறகு ஒரு அம்ப். நெற்றில பாத்துப்போட்டு நடுச்சத்தமான மிட்டை அடியோட குறைச்சு, கீழ்ச்சத்தமான பேஸையும் மேல்ச்சத்தமான ஹையையும் கூட்டி, சத்தத்தைக் கசக்கிற டிஸ்ற் (டிஸ்டோசன்) நொப்பை அங்கால போகாத அளவுக்குத் திருப்பி வச்சிருக்கிறன். அறைக்குள்ள தனிய வாசிக்கேக்க ஓரளவு சரி மாதிரித்தான் கிடக்கு, ஆனா சனிக்கிழமை ட்ரம்ஸோட சேந்து வாசிச்சால் நான் வாசிக்கிறது எனக்கே கேக்குதில்லை, கேக்கிற கொஞ்சமும் குளவிக்கூட்டுக்குக் கல்லெறிஞ்ச மாதிரி. போன கிழமை அம்மா எட்டிப் பாத்து மிக்சி பழுதாப் போச்சோ எண்டு கேட்டவ. பெடலை அரை விலைக்குத் தள்ளிப்போட்டு வேற வாங்குவமோ எண்டு யோசிக்கிறன்.

பாசையூர் பேஸ்
விக்கிறதெண்டால் முதல் எனக்குச் சொல்லு மச்சான்.

ரொரன்ரோ தந்தி
தம்பி, பெடலால அந்த ரோன் வராது, நேரடியாச் சொல்லுறன் கோவிக்காதை. அது மெசா பூகி மார்க் ரூ சி பிளஸ் எண்ட, கண்ணாடிக் குழாய் வச்ச வால்வ் அம்ப். 85 கடைசியில கோப்பன்ஹேகனில ஸ்வீற் சைலன்ஸ் ஸ்ரூடியோவில ரெக்கோட் பண்ணினது, தயாரிப்பில ஃப்ளெமிங் ராஸ்முசன். அந்த அம்பில முன்னுக்கு அஞ்சு ஸ்லைடர் இருக்கும், ஒவ்வொண்டும் ஒரு உயரத்துச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது, 80, 240, 750, 2200, 6600 ஹேர்ட்ஸ். நடுவில இருக்கிற 750 ஐக் கீழ இழுத்து ரெண்டு கரையையும் மேல தள்ளுவினம், இங்கிலீஸ் வி எழுத்து மாதிரி நிக்கும். அந்த வி தான் அந்த ரோன். அந்த அம்புக்கு இப்ப கேக்கிற விலைக்கு ஊரில நல்ல மோட்டச்சைக்கிள் எடுக்கலாம். ஆகையால் கிட்டத்தட்ட ஒண்டோட திருப்திப்படு.

கொக்குவில் குட்டி
அண்ணை, மோட்டச்சைக்கிளே இல்லை, சைக்கிள்தான் 😅 ஆனா நானும் அந்த வி தானே போட்டிருக்கிறன், மிட் சைபர். பிறகேன் கேக்குதில்லை?

இணுவில் தாளம்
நான் ட்ரம்ஸ் வாசிக்கிறவன், வீட்டில பரம்பரையாத் தவில். ஒரு விசயம் சொல்லுறன். கோயில் வீதியில ரெண்டு தவில் முழங்கிக்கொண்டு நிக்கேக்க அதுக்கு மேலால நாதஸ்வரம் எப்பிடித் தெளிவாக் கேக்குது? அதின்ர பலமெல்லாம் நடுவிலதான். அடியும் இல்லை, சில்லெண்ட நுனியும் பெரிசா இல்லை. அந்த நடுவை வெட்டிப் பாருங்கோ, நாயனகாரர் மூச்சு முட்டி விழுந்தாலும் தேர்முட்டியடியில நிக்கிறவனுக்கு ஒண்டும் கேக்காது. கிற்றார்காரர் எல்லாரும் மிட்டை வெட்டிப்போட்டு வந்து என்னை மெல்ல அடி மெல்ல அடி எண்டுறியள். கீழ பேஸ் கிற்றாரும் என்ர கிக் ட்ரம்மும் நிக்குது, மேல சிம்பல் நிக்குது. மிச்சம் இருந்த ஒரே இடம் நடு. அதையும் நீங்களே காலி பண்ணிப்போட்டு வாறியள்.

பாசையூர் பேஸ்
இதை பிரிண்ட் எடுத்து பிராக்டிஸ் அறையில ஒட்டவேணும்.

ரொரன்ரோ தந்தி
ஆனா ரெக்கோட்டில மிட் குறைவாத்தானே கேக்குது?

சோல்டர் மாமா
ரெக்கோட் வேற, அறை வேற. ரெக்கோட்டில ஒரே ரிதத்தை ஒண்டுக்கு மேற்பட்ட தரம் வாசிச்சு இடமும் வலமும் அடுக்கியிருக்கிறாங்கள். ஒருத்தன் ஒரு அம்போட நிண்டு அது வேணுமெண்டால் எங்க வாறது.

இன்னொண்டு, வி யைப் பாத்த ஆக்கள் அந்த அம்பின்ர பேஸ் நொப்பைப் பாக்கிறேல்லை. அதை அநேகமா சைபருக்குக் கிட்டத்தான் வைக்கிறது. மார்க் அம்பில பேஸ், மிட், ட்ரெபிள் நொப்புகள் பெரிய கெயினுக்கு (சத்தத்தைப் பெருப்பிச்சு டிஸ்டோசன் ஆக்கிற இடம்) முன்னுக்கு நிக்குது, ஸ்லைடர் அஞ்சும் கெயினுக்குப் பின்னுக்கு. முன்னுக்குப் பேஸை வெட்டிப்போட்டு டிஸ்டோசனுக்கு அனுப்பினால் சத்தம் இறுகும், பிறகு 80 ஸ்லைடரால இழந்த அடியைத் திருப்பி ஏத்துறது. அதுதான் அந்தத் தொப்புத் தொப்பெண்ட வலக்கையடி. பேஸை முன்னுக்கே ஏத்தினீர் எண்டால் டிஸ்டோசன் அதைத்தான் முதல் பிடிச்சுக் கசக்கும், பிறகு என்ன திருப்பினாலும் களிதான்.

ஏன் எண்டும் சொல்லிவிடுறன், விருப்பமில்லாட்டித் தாண்டிப் போங்கோ. அடி ஈ தந்தி 82 ஹேர்ட்ஸ் சொச்சம், அதோட சேத்துப் பிடிக்கிற பீ 123 சொச்சம். ரெண்டும் ஒண்டா டிஸ்டோசனுக்குள்ள போனால் ரெண்டுக்கும் உள்ள வித்தியாசமும் ஒரு சுரமா வெளிய வரும், அது 41, அதாவது ஈக்கு ஒரு ஸ்தாயி கீழ. அதனாலதான் இப்பிடி ரெண்டு சுரம் சேத்துப் பிடிக்கிற பவர் கோட் அவ்வளவு பாரமாக் கேக்குது, ச-ப சேர்க்கை எண்டபடியால் ஒண்டோடொண்டு ஒத்தும் போகுது. அதே கெயினில முழு மேஜர் கோட்டைப் பிடிச்சுப் பாரும், ஒத்துப்போகாத வித்தியாசங்கள் பத்து வந்து முட்டுப்படும். அடிப்பேஸ் கூடினால் இந்தக் கீழ்ச்சத்தமும் கூடி எல்லாத்தையும் மூடிப்போடும்.

தம்பி, உம்மட அம்ப் என்னெண்டு நீர் சொல்லவேயில்லை. படம் ஒண்டு போடும். நொப்புகளையும் சேத்து எடும்.

கொக்குவில் குட்டி
மாமா படம் எடுத்தால் இருட்டா வருகுது, எழுதிவிடுறன். கறுப்புப் பெட்டி, பெரிய ஸ்பீக்கர் ஒண்டு, அதுக்கு மேல சின்னன் ஒண்டு கொம்பு மாதிரி வாய் விரிஞ்சு இருக்கு. பின்னுக்கு மூண்டு ஓட்டை, ஒண்டில மைக் எண்டு போட்டிருக்கு, ஒண்டில கீபோட் எண்டு, மற்றது லைன். நான் கீபோட் ஓட்டையிலதான் குத்துறன், அதுலதான் சத்தம் கூட. சித்தப்பா பஜனைக்கு எண்டு வாங்கினது.

இணுவில் தாளம்
பஜனைக்கு 😂😂

சோல்டர் மாமா
சிரிக்காதேங்கோ, யாழ்ப்பாணத்தில பாதிப்பேர் இப்பிடித்தான் வாசிக்கிறாங்கள். தம்பி, உம்மட குளவி எங்க இருக்கெண்டு தெரிஞ்சு போச்சு, அந்தக் கொம்புக்குள்ளதான். உது கிற்றார் அம்பே இல்லை, கீபோட் அம்ப். கிற்றார் ஸ்பீக்கர் வேணுமெண்டே குறைபாட்டோட செய்யிறது. செலஸ்ரியன் வின்ரேஜ் 30 எண்டு 12 அங்குலம், மெற்றல்காரர் கனக்கப் பாவிக்கிறது, அதின்ர கடுதாசியில 70 தொடக்கம் 5000 ஹேர்ட்ஸ் எண்டுதான் போட்டிருக்கும். 5000 க்கு மேல சறுக்கி விழுந்திடும். டிஸ்டோசன் உண்டாக்கிற ஈச்சத்தம் அநேகம் அதுக்கு மேலதான், ஸ்பீக்கர் அதை விழுங்கிப்போடும், நாங்கள் அதைக் கேட்டதே இல்லை. உம்மட பெட்டி பியானோவுக்கும் பாட்டுக்கும் எண்டபடியால் விழுங்காமல் கொம்பால அப்பிடியே துப்புது.

பெடலை விக்காதையும். அதில ஒரு பிழையும் இல்லை.

ரொரன்ரோ தந்தி
அப்ப நான் சொன்னது சரிதானே, நல்ல அம்ப் வேணும்.

சோல்டர் மாமா
நல்ல அம்ப் எண்டேல்லை, கிற்றார் ஸ்பீக்கர் எண்டனான். வால்வுக்கும் இந்தக் குளவிக்கும் சம்பந்தமில்லை. பென்னம் பெரிய வால்வ் அம்பைக் கொண்டுவந்து அந்தக் கொம்புக்குள்ளால விட்டாலும் குளவிதான் பறக்கும்.

ரொரன்ரோ தந்தி
வால்வின்ர உணர்வு வேற மாமா, கைக்குத் தெரியும். வாசிச்சுப் பாத்தால்தான் விளங்கும்.

சோல்டர் மாமா
வால்வ் ரேடியோ திருத்தித்தான் தம்பி நான் கலியாணம் கட்டினது. கைக்குத் தெரியும், ஓம். ஆனா பொடியன் கேட்ட கேள்வி அது இல்லை.

டைனமோ
நான் வழமையா வாசிச்சுப்போட்டுப் போறவன், இண்டைக்கு எழுதவேணும் போல கிடக்கு. தொண்ணூறுக்குப் பிறகு எங்களுக்குக் கரண்டும் இல்லை, பற்றரியும் வரவிடாத சாமான். கொழும்பில இருந்த ஒருத்தர் முதலே விட்டுட்டுப் போன கசற் ஒண்டில இந்தப் பாட்டுகள் இருந்தது. சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி டைனமோவில வயர் இழுத்து, ஒருத்தன் பெடலைக் கையால சுத்த மற்றவங்கள் சுத்திவர இருந்து கேட்டனாங்கள். சுத்திறவன் களைச்சால் பாட்டும் சுருதி இறங்கி ஊளையிடும், "சுத்தடா சுத்தடா" எண்டு கத்துவம். உள்ளங்கையளவு ஸ்பீக்கர், பேஸும் இல்லை ட்ரெபிளும் இல்லை. ஆனா அந்த வலக்கையடி கேட்டது தம்பி. எல்லாம் கீழ்நோக்கின அடி, மேல கீழ மாத்தி அடிக்கிறேல்லை. கை ஓரத்தைப் பாலத்தில ஒட்டினபடி. அண்டைக்கே நான் சாதாரண கிற்றாரில அந்தக் கையைப் பழகினனான், அம்ப் எண்டொண்டை எனக்குக் கிட்டக் கண்டது 2002 இலதான்.

நீர் எந்த நொப்பைத் திருப்ப முதலும் பெடலை நிப்பாட்டிப்போட்டு வெறும் சத்தத்தில ஒருக்கா வாசிச்சுப் பாரும். அதிலயே "ஜக்" வராட்டி டிஸ்டோசனில வராது, வந்த மாதிரிக் காட்டும்.

பாசையூர் பேஸ்
இழையை இதோட பூட்டினாலும் பரவாயில்லை. ஐயா வணக்கம்.

கொக்குவில் குட்டி
ஐயா இப்பவே வாசிச்சுப் பாத்தன். உண்மை, வெறும் சத்தத்தில என்ர அடி ஒண்டு பெரிசு ஒண்டு சின்னன். டிஸ்ற் முழுக்க இருக்கிறபடியால் எல்லாம் ஒரே உயரமாக் கேட்டிருக்கு. வெக்கமாக் கிடக்கு.

சரி மாமா, கொம்பை என்ன செய்யிறது, கழட்டட்டோ?

சோல்டர் மாமா
கழட்டாதையும்! சித்தப்பா பஜனைக்கு வந்து கேட்டால் நான் பதில் சொல்லேலாது, அதோட பிளக்கைப் புடுங்கினாலும் உள்ளுக்குப் பெரிய கப்பாசிற்றர் கரண்டை வச்சுக்கொண்டு இருக்கும். ஒரு சாரத்தை (லுங்கி) நாலா மடிச்சுக் கொம்பு வாய்க்கு முன்னால கட்டும். சிரிக்கிறவங்கள் சிரிக்கட்டும். அம்பில இருக்கிற ட்ரெபிளையும் பாதிக்குக் கீழ இறக்கும்.

பிறகு பெடல். எம்ரீ-2 இல மிட்டுக்கு ரெண்டு நொப் ஒண்டுக்கு மேல ஒண்டா நிக்கும், ஒண்டு கூட்டிக் குறைக்கிறது, மற்றது எந்த இடத்தில எண்டு தேடுறது, 200 இல இருந்து 5000 வரைக்கும் போகும். ஆக்கள் இந்த ரெண்டாவதைத் தொடுறதேயில்லை, அதான் அந்தப் பெடலுக்குக் கெட்ட பேர். மிட்டைக் கொஞ்சம் கூட்டி வச்சுக்கொண்டு தேடுற நொப்பை மெல்லமெல்லத் திருப்பும், மூக்கால கதைக்கிற மாதிரி ஒரு இடம் வரும், அதுக்குக் கொஞ்சம் இஞ்சால நிப்பாட்டும். டிஸ்ற் மணிக்கூட்டில 10 மணிக்கு மேல போகவேண்டாம். லோ 11, ஹை 9. இது என்ர காதுக்கு வந்த கணக்கு, உம்மட பெட்டிக்கு அங்க இஞ்ச மாறும்.

ஒரு குறை இருக்கு. இந்தப் பெடலில லோ, மிட், ஹை எல்லாம் டிஸ்டோசனுக்குப் பிறகுதான் வேலை செய்யுது. நான் சொன்ன "முன்னுக்குப் பேஸை வெட்டுறது" இதால ஏலாது. அதுக்கு முன்னால ரியூப் ஸ்கிரீமர் மாதிரிப் பச்சைப் பெடல் ஒண்டு வேணும்.

ரொரன்ரோ தந்தி
டிஸ்டோசனுக்கு முன்னால இன்னொரு ஓவர்ட்ரைவோ, அதுவும் மெல்லிய டிஸ்டோசன்தானே? இரைச்சல் கூடாதோ?

சோல்டர் மாமா
அதின்ர ட்ரைவைச் சைபரில வைக்கிறது, லெவலை முழுக்கத் திருப்புறது. அதைக் கெயினுக்குப் பாவிக்கேல்லை, பேஸை வெட்டப் பாவிக்கிறம். உள்ளுக்கு 4.7 கிலோ ஓமும் 0.047 மைக்ரோஃபரட்டும் தொடரா நிக்குது, கணக்குப் போட்டால் 720 ஹேர்ட்ஸ் வரும். அதுக்குக் கீழ போகப்போக கெயின் குறையும். அந்தச் சின்னக் கப்பாசிற்றர் ஒண்டுதான் எண்பதுகளில இருந்து மெற்றல்காரரைக் காப்பாத்துது.

இணுவில் தாளம்
அப்ப ஸ்வீடன்காரர் பொஸ் எச்எம்-2 பெடலில நாலு நொப்பையும் முழுக்கத் திருப்பி வச்சு வாசிக்கிறாங்கள் எண்டு கேள்விப்பட்டனே?

ரொரன்ரோ தந்தி
ஓம், என்ரூம்ட் எண்ட பாண்ட் ஆக்கள். அது மரம் அரியிற மிசின் சத்தம், வேணுமெண்டே எடுக்கிறது. இவர் கேக்கிற ரோன் அது இல்லை. தம்பி, என்னட்ட பழைய ரியூப் ஸ்கிரீமர் ஒண்டு சும்மா கிடக்கு, அடுத்த மாதம் வாற ஆளிட்டக் குடுத்துவிடுறன். அடப்ரரும் சேத்து விடட்டோ?

கொக்குவில் குட்டி
அண்ணை!!! ஓம் ஓம் விடுங்கோ.

சோல்டர் மாமா
அடப்ரரை விடாதேங்கோ! கனடா கரண்ட் 120 வோல்ட், இஞ்ச 230. போன வருசம் ஒரு பொடியன் மாமா அனுப்பினதெண்டு கொண்டுபோய்க் குத்தினவன், ஒரு "டப்", பிறகு சாம்பிராணி போட்ட மாதிரி வீடு முழுக்கப் புகை. பின்னுக்கு 100-240 எண்டு எழுதியிருந்தால் மட்டும் பயமில்லை. இஞ்ச கடையில 9 வோல்ட் வாங்கலாம், ஆனா உந்தப் பெடல்களுக்கு நடுமுனை மைனஸ், கடையில விக்கிற கனக்க அடப்ரர் நடுமுனை பிளஸ். அடப்ரரில வட்டம் போட்டுக் கீறியிருக்கிற படத்தைப் பாத்து வாங்கும். கடைக்காரர் "எல்லாம் ஒண்டுதான் தம்பி" எண்டுவார், அவரை நம்பாதையும்.

கொக்குவில் குட்டி (செவ்வாய்)
சாரம் கட்டினன். அப்பாவின்ர பழைய சங்கு மார்க் சாரம், நாலு மடிப்பு. குளவி செத்துப் போச்சு!!! நம்பேலாமல் கிடக்கு. டிஸ்ற்றை 10 மணிக்கு இறக்கினதும் முதல் ரெண்டு நாள் பலம் போன மாதிரி, வாசிக்கவே கஸ்ரமாக் கிடந்தது, விரல் பிழைக்கிறதெல்லாம் கேக்குது. ஐயா சொன்ன மாதிரிக் கீழ்நோக்கி மட்டும் அடிக்கிறன், பத்து நிமிசத்தில முழங்கையில இருந்து தோள் வரைக்கும் இழுக்குது.

இப்ப வேற பிரச்சினை. வாசிக்காமல் சும்மா நிக்கேக்க "ஊம்" எண்டு இரையுது, தந்தியில கையை வச்சால் குறையுது. நோய்ஸ் கேற் (வாசிக்காத நேரம் இரைச்சலை அடைக்கிற பெடல்) வாங்கவேணுமோ?

பாசையூர் பேஸ்
நோய்க்குக் கேற் போட்டால் நோய் போகுமோ மச்சான், வைத்தியம் எல்லோ பாக்கவேணும்.

சோல்டர் மாமா
பகிடியா எண்டாலும் சரியாச் சொல்லுறார். தந்தியைத் தொட்டால் குறையிறது வழமை, உம்மட உடம்பு இரைச்சலைப் பிடிச்சுக் கிற்றாருக்குக் குடுக்குது, தொட்டதும் தந்தி வழியா நீரும் கிரவுண்டோட சேந்திடுறீர். முதல் அறையில இருக்கிற ரியூப் லைற்றையும் ஃபான் ரெகுலேற்றரையும் நிப்பாட்டிப் பாரும், பிறகு கிற்றாரைப் பிடிச்சுக்கொண்டு மெல்லச் சுத்திப் பாரும், ஒரு திசையில இரைச்சல் விழும்.

ஆனா இதை வடிவாக் கேளும். உம்மட வீட்டுப் பிளக்கில எர்த் இருக்கோ? ஊரில பழைய வீடுகளில மூண்டு ஓட்டை இருக்கும், மூண்டாவதுக்குப் பின்னால வயர் இராது. தந்தியையும் மைக்கையும் ஒண்டாத் தொடேக்க விறுவிறுக்குதெண்டால் அண்டைக்கே வாசிக்கிறதை நிப்பாட்டும், வயரிங் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடும். இரைச்சல் போகுதெண்டு எர்த் முனையை வெட்டச் சொல்லி ஆரும் சொன்னால் அவனோட கதைக்கிறதை விடும்.

கேற் பிறகு வாங்கலாம். பொஸ் என்எஸ்-2 மாதிரி நாலு ஓட்டை இருக்கிறதெண்டால் கிற்றாரை இன்புற்றில குத்தி, சென்ட், ரிற்றேன் எண்ட ரெண்டு ஓட்டைக்கும் நடுவில டிஸ்டோசனை மாட்டும். அப்ப அது கிற்றாரின்ர சுத்தமான சத்தத்தைக் கேட்டுத்தான் கதவைத் திறந்து பூட்டும், ஜக் ஜக்குக்கு இடையில வெட்டினது போல நிக்கும்.

கொக்குவில் குட்டி (ஞாயிறு)
நேற்று பிராக்டிஸ். எர்த் இல்லைத்தான் மாமா, அப்பா ஆளுக்குச் சொல்லியிருக்கிறார், அதுவரைக்கும் பாண்ட் அறையிலதான் வாசிப்பன். சாரத்தையும் கொண்டு போனன், முதல் சிரிச்சாங்கள். மிட்டைக் கூட்டி வச்சிருக்கிறபடியால் தனிய வாசிக்கேக்க எனக்கே பிடிக்கேல்லை, மூக்கடைச்சவன் கதைக்கிற மாதிரி. ட்ரம்ஸ் தொடங்கினதும் அது எங்கையோ போச்சு, கிற்றார் அப்பிடியே நடுவில வந்து குந்திக்கொண்டுது. வொல்யூமைப் போன கிழமையைவிடக் குறைச்சுத்தான் வச்சனான். நடுவில ட்ரம்ஸ்காரன் நிப்பாட்டிப்போட்டு "நீ மூண்டாவது அடியில பிந்துறாய்" எண்டான். மூண்டு மாதத்தில முதல் தரமா என்ர பிழை அவனுக்குக் கேட்டிருக்கு.

டைனமோ
ஹா ஹா. நல்லது தம்பி. அந்த மூண்டாவது அடியை மெதுவா வச்சுப் பழகும்.

இணுவில் தாளம்
அந்த ட்ரம்ஸ்காரனை எனக்குப் பிடிச்சிருக்கு.

ரொரன்ரோ தந்தி
பச்சைப் பெடல் பைக்குள்ள போட்டாச்சு, அடப்ரர் இல்லாமல். மாமா, நீங்கள் சொன்னதைக் கேட்டு நானும் இஞ்ச அம்பில பேஸை 2 க்கு இறக்கிப் பாத்தன். ஒண்டும் சொல்லமாட்டன், ஆனா திருப்பி ஏத்தேல்லை.

பாசையூர் பேஸ்
அதெல்லாம் சரி, அரை விலைக்குத் தாறனெண்ட மெற்றல் சோன் என்ன மாதிரி?

கொக்குவில் குட்டி
அரை விலைக்குச் சாரம் இருக்கு, வேணுமோ?